ஏழாவது குழியில் நின்ற பந்து

ஹலோ… ஹலோ, சுபா… நான்தான்மா, பிரேமலா அக்கா. கோத்தா திங்கிலேர்ந்து… ஆமா, உங்கப்பாவுக்குப் பக்கத்து வீடு. வேற எந்தப் பிரேமலா ஆபீஸ் நேரத்துல சிங்கப்பூருக்கு அடிக்கப் போறா… வைக்காதே. வைக்காதேமா. ரெண்டே நிமிஷம்.

மீட்டிங்கா… தெரியும், தெரியும். கொஞ்சம் வெளிய வந்து பேசு. நான் வெட்டிப் பேச்சு பேசறதுக்கு அடிக்கல. 

அப்பா இன்னிக்கு உனக்கு அடிச்சாரா… ஞாயித்துக்கெழமை பேசுனதுதானா… சரி… சரி…

கதவு தொறக்க மாட்டேங்குறாரு சுபா. கால் மணி நேரமா கிரில்லத் தட்டுறேன். அங்கிள், அங்கிள்னு கத்துறேன். பின் வரிசை நாயெல்லாம் வந்து பாத்துட்டுப் போயிருச்சு, உங்கப்பா வரல.

ஆமா… ஆமா… சொல்லு, எல்லாத்தையும் சொல்லி முடிச்சிரு… ஆமா, போன வருஷமும் நான்தான் தீயணைக்கிற பொம்பாக்காரங்களக் கூப்பிட்டேன். ஆமா, வந்து கிரில்ல வெட்டுனாங்க. வெட்டி முடிக்கவும் அங்கிள் கையில மீன் பையோட பஸ்ஸ விட்டு இறங்கி வந்தாரு. இந்தத் தாமான்ல இருக்கிற அத்தனை வீடும் சிரிச்சுச்சு. இன்னமும் சிரிக்குது. ஆனா நாலு நாளா வாசல்ல பேப்பர் கெடந்தா யாரா இருந்தாலும் பயப்படுவாங்கல்ல. லாயாங் லாயாங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சா போயிரும்… சரி சரி, அது பழைய கதை. விடு.

அதுலதான என்கிட்ட இருந்த கதவுச் சாவியத் திருப்பி வாங்கிட்டாரு, கிரில் சாவி எப்பவும் தந்ததில்ல. "மிஸஸ் பிரேமலா, என்ட வீட்டுக்குக் காவல் நிக்க ஜாகா தேவையில்லை"ன்னு, நில அலுவலகத்துல கடுதாசி வாசிக்கிற மாதிரி வாசல்ல நின்னு சொன்னாரு. அன்னியோட பேச்சு நின்னது. எட்டு மாசம். கிரில்லுக்கு ரெண்டு பூட்டு வேற. பட்டப்பகல்ல, ஆளு உள்ள இருக்கும்போதே ரெண்டு பூட்டு. இப்ப அந்த ரெண்டு பூட்டுந்தான் தொங்குது, நான் வெளிய நிக்கிறேன்.

இரு. இத மட்டும் கேளு. என் வீட்டுக்குள்ள வந்துட்டேன், போனைச் சுவத்துல வைக்கிறேன்… கேட்டுச்சா… டிங் டிங் டிங், டிடிங். திரும்ப அதே. அரை மணி நேரத்துக்கு மேல இதேதான் ஓடுது.

ஆமா, அவரோட கோல்ஃப். நீ வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர்ல. நாப்பது வருஷத்துக்கு முந்துன கேமாம், இப்ப பிரவுசர்லயே சும்மா கெடைக்குது. கட்டம் கட்டமா பச்சைப் புல்லு, வெள்ளைத் தொப்பி போட்டு தீக்குச்சி மாதிரி ஒரு ஆளு. உங்கப்பா நெசமான கோல்ஃப் மட்டையத் தொட்டதில்ல, ஆனா பத்து மணி அடிச்சா காலர் வச்ச சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாரு… எனக்கு எப்படித் தெரியுமா. சன்னல்னு ஒண்ணு இருக்குல்ல.

நான் சொல்றது என்னன்னா, அடிக்கும்போது அந்தப் பாட்டு நின்னுரும். மூணு தடவை அமுக்கணும். மட்டையத் தூக்க ஒண்ணு, பலத்துக்கு ஒண்ணு, திசைக்கு ஒண்ணு. டிக், டிக், டொக். அப்புறம் பந்து போகும். அவரு அடிக்கிற வரைக்கும் பாட்டு சுத்திக்கிட்டே இருக்கும். இப்ப சுத்திக்கிட்டே இருக்கு. டிக்கும் இல்ல, டொக்கும் இல்ல.

தூங்குறாரா… தூங்குனா கொறட்டை கேக்கும் சுபா. ஒத்தச் செங்கல் சுவரு. முப்பது வருஷமா அந்தக் கொறட்டையக் கேட்டுத்தான் நானும் தூங்குறேன்… பாத்ரூம் போனா "வெயிட் ப்ளீஸ்"னு அமுக்கிட்டுத்தான் போவாரு. அமுக்காம எந்திரிச்சதே கெடையாது…

என்ன… நான் என்ன சொன்னேன்… இல்லயே. ஒண்ணும் சொல்லல. பொதுவா சொன்னேன்.

வீட்டுப் போனுக்கு அடிக்கிறியா… அடி, அடி. ஆபீஸ் போன்லேர்ந்து அடி, இத வைக்காதே… ம்… அடிக்குது. உள்ள அடிக்குது சுபா. பாட்டும் ஓடுது, போனும் அடிக்குது… அஞ்சு… ஆறு… எந்திரிங்க அங்கிள், பொண்ணு அடிக்குது… ஒம்பது… நின்னுருச்சு.

கைப்போன்… ம்… அதுவும் உள்ளதான். மேசை மேல வச்சிருக்காரு போல, கொர்ர் கொர்ர்னு கேக்குது.

வெளிய வந்து பாக்குறேன், அவரு ஓட்டுற காடி போர்ச்சுலதான் நிக்குது… ஆமா, போன தடவையும் காடி நின்னுச்சு. பஸ்ல போனாரு. போன தடவையும் கைப்போன வீட்டுலயே போட்டுட்டுப் போனாரு. சரி. ஒத்துக்கிறேன். ஆனா இந்தத் தடவை உள்ளதான் இருக்காரு… தெரியும்… எப்படின்னு கேக்காதேமா, தெரியும்.

சுபா, வெயில்ல நிக்கிறேன், கேளு. எதிர்த்தாப்புல கிரில் கடை மணியம் இருக்காருல்ல, அவரு அறுக்கிற மெசினத் தூக்கிட்டு வந்து கேட்டுல நிக்கிறாரு. ஒயரெல்லாம் இழுத்தாச்சு. ஆனா கை வைக்க மாட்டேங்குறாரு. போன தடவை வெட்டுன கிரில்ல ஒட்டிக் குடுத்த பாவத்துக்கு அவரையும் சேத்துத்தான் உங்கப்பா திட்டுனாரு. "பெத்த பொண்ணு வாயால சொல்லட்டும்க்கா, அப்பத்தான் வெட்டுவேன்"ங்கிறாரு. அதுக்குத்தான் உனக்கு அடிச்சேன். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்.

யோசிக்கிறியா… அப்பா கோவிச்சுக்குவாரா… ஆமா, ஒரு மாசம் உன்கிட்டப் பேச மாட்டாரு, தெரியும். என்கிட்ட எட்டு மாசமாப் பேசல, எனக்குத் தெரியாதா… இல்ல சுபா, இல்ல. நான் வேடிக்கை பாக்குறதுக்குக் கதவ ஒடைக்கச் சொல்லல. உனக்கு என்னைப் பத்தி அப்படித்தான் தோணும். தப்பில்ல. இந்த வரிசையில யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு கேட்டா நான்தான் சொல்வேன். ஆனா இது அது இல்லமா.

சரி. இரு. மணியம் அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க… போங்கண்ணே, பொம்பளைங்க பேச்சு.

சுபா, சத்தியம் பண்ணு. உங்கப்பாவுக்குச் சொல்லக் கூடாது… பண்ணு மொதல்ல… சரி.

உங்கப்பா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒருத்தரப் பத்தி உன்கிட்டச் சொல்வாருல்ல. கோல்ஃப் கூட்டாளி. வேல்னு பேரு… ம்… ஈப்போல ரிட்டையர் ஆன தலைமை ஆசிரியர்… ம்… ரொம்பப் பண்பான மனுஷன், ஒரு வார்த்தை கூடுதலாப் பேச மாட்டாரு… ம்…

அது நான்தான்.

ஹலோ… சுபா… இருக்கியா.

சிரிக்காதேமா. அழுகை வருது எனக்கு… எப்படின்னா, சாவி வாங்கறதுக்கு முந்தி ஒரு நாள் அவரு வீட்டுல நின்னப்ப அந்தக் கேமோட அட்ரஸ் கண்ணுல பட்டுச்சு. கண்ணுல பட்டா மனசுல நிக்கும் எனக்கு, அது வியாதி. பேச்சு நின்னதுக்கு அப்புறம் தெனம் இந்த டிக் டிக் டொக்கு. அங்க என்னதான் நடக்குதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. எம்பொண்ணு லோஷினி விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பத் தொறந்து உள்ள போய்ப் பாத்தேன். காலையில அந்தக் கேம்ல உலகத்துலயே ஒரே ஒரு ஆளுதான் தொணை இல்லாம நிக்கிறாரு. எஸ் எஸ் பி. உங்கப்பா சிவசம்பு. ஆட வாரியான்னு கேட்டுச்சு. அமுக்கிட்டேன்.

மூணு எழுத்துதான் போட விடும், இங்கிலீஷ்ல வேல்னு போட்டேன். ஈப்போ, தலைமை ஆசிரியர் எல்லாம் உங்கப்பாவே கட்டிக்கிட்டது, நான் ஒரு பொய்யும் சொல்லல. அதுல பேச முடியாதுமா. நாலே நாலு பட்டன். நைஸ் ஷாட், பேட் லக், தேங்க் யூ, வெயிட் ப்ளீஸ். எட்டு மாசமா நானும் உங்கப்பாவும் இந்த நாலு வார்த்தையிலதான் பேசிக்கிட்டு இருக்கோம். முப்பது வருஷத்துல இவ்வளவு மரியாதையா நாங்க பேசிக்கிட்டதே இல்ல.

யாருகிட்டயும் சொல்லல. எம்புருஷனுக்குக்கூடத் தெரியாது. நான் ஒரு விஷயத்த எட்டு மாசம் வாய்க்குள்ள வச்சிருந்தேன்னு சொன்னா இந்தத் தாமான்ல எவனும் நம்ப மாட்டான்.

அதத்தான் சொல்ல வரேன். இன்னிக்கு ஏழாவது குழி. அவரு அடிச்ச பந்து கொடிக்கு ஒரு மொழம் தள்ளி வந்து நின்னுச்சு. பத்து அம்பத்திரண்டு. மீன்காரன் பதினொண்ணுக்கு வருவான், இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே, இந்தக் குழிய முடிச்சிரலாம்னு கடிகாரத்தப் பாத்தேன், அதான் தெரியும். நான் நைஸ் ஷாட் போட்டேன். உடனே தேங்க் யூ வந்துச்சு. நான் அடிச்சேன். அப்புறம் அவரு முறை. அவ்வளவுதான். பந்து அங்கயே நிக்குது. சின்னப் புள்ள தட்டுனாக்கூட உள்ள விழுந்துரும் சுபா. அந்த மாதிரிப் பந்த விட்டுட்டு உங்கப்பா எந்திரிச்சுப் போவாரா. வெயிட் ப்ளீஸ் கூட அமுக்காம.

நான் என்ன பண்ணேன் தெரியுமா. ரெண்டு அடி நான் முன்னுக்கு இருந்தேன், அந்தக் கோவத்துல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். தோக்குறது அவருக்கு ஆகாது. எழுந்து போய் மீன் வாங்குனேன். மீன்காரன்கிட்ட வெல பேசுனேன் சுபா. கழுவி வச்சேன். வந்து பாத்தா பந்து அங்கயே. நான் பேட் லக், பேட் லக்னு அமுக்கி வம்பு இழுத்தேன். அதுக்கப்புறந்தான் ஓடிப் போய் கிரில்லத் தட்டுனேன்.

ஆமா… ஆமா… சரி, நீயே சொல்லு, ஸ்பீக்கர்ல போடுறேன். மணியம் அண்ணே, வாங்க, பொண்ணு பேசுது… கேட்டீங்களா… கேட்டீங்கள்ல, வெட்டுங்க. ரெண்டையும் வெட்டுங்க.

சுபா, லைன்லயே இரு. மெசின் போடுறாரு, ஒண்ணும் கேக்காது… நெருப்பு பறக்குது… ஒரு பூட்டு விழுந்துருச்சு… இது கெட்டிப் பூட்டு. அங்கிள் கடைக்காரன்கிட்ட எது கெட்டின்னு கேட்டு வாங்கியிருப்பாரு. எனக்காக வாங்குன பூட்டு… அண்ணே, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் வச்சு அறுங்க…

இல்ல, இன்னும் இல்ல… ஆம்புலன்ஸா… ஆமால்ல. எனக்குத் தோணல பாரு. அண்ணே, உங்க போன்லேர்ந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது அடிங்க. என் போன்ல சுபா இருக்கு… அடிங்கண்ணே, தப்பா இருந்தா சிரிச்சிட்டுப் போகட்டும்.

விழுந்துருச்சு. தொறந்தாச்சு.

…நான் போகணுமா. மணியம் அண்ணன் போகட்டுமே… அவரு ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்காரு… சரி… போறேன்…  இத்தன வருஷம் எட்டி எட்டிப் பாத்த வீடு, உள்ள காலு வைக்க முடியல… பேசிக்கிட்டே இரு, நிறுத்தாதே.

அங்கிள்… அங்கிள்…

சிலிப்பர் கெடக்குது. ஒத்தச் சிலிப்பர்… நாற்காலி காலியா இருக்கு… சுபா, நாற்காலி காலியா இருக்கு…

மேசைக்கு அடியில. விழுந்து கெடக்குறாரு. ஐயோ சுபா… இரு, இரு, கண்ணு தொறந்திருக்கு. பாக்குறாரு. என்னப் பாக்குறாரு. மூச்சு இருக்கு. இருக்குமா, இருக்கு, நெஞ்சு ஏறி எறங்குது. அழாதே. நீ அழுதா எனக்குக் கை ஓடாது.

பேசறாரா… என்னமோ சொல்றாரு, வார்த்தையா வரல. வாயி ஒரு பக்கமா எறங்கியிருக்கு. வலது பக்கம்… அங்கிள், நான்தான், பிரேமலா. பயப்படாதீங்க… வலது கை… தூக்குங்க அங்கிள்… தூக்கல. இடது கை தூக்குறாரு. வலது கை அப்படியே கெடக்குது.

ஒரு கோப்பை மைலோ கலக்கித் தரட்டா… கூடாதா. தண்ணி… அதுவும் கூடாதா, பொறை ஏறிருமா. சரி. ஒண்ணும் தரல. ஒருக்களிச்சாப்புல… சரி… அண்ணே, வந்து புடிங்க, மெதுவா… தலைக்கு அடியில துணி வச்சாச்சு. சரி.

அந்தப் பாட்டு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. இங்கயும் ஓடுது, சுவத்துக்கு அந்தாண்ட என் லேப்டாப்லயும் ஓடுது. ஒண்ணுக்கொண்ணு முன்ன பின்ன… நிறுத்துனா எனக்குப் பயமா இருக்கு. விடு, ஓடட்டும்.

நீ கெளம்பிட்டியா… எல்லைப் பாலத்துல ஜாம் இருக்கும். பரவால்ல, வா. நான் இருக்கேன்.

வந்துட்டாங்க. சத்தம் கேக்குது. ஆம்புலன்ஸ் வாசல்லயே வந்துருச்சு… உள்ள வாங்க அபாங், வாங்க தம்பி, இங்க, இங்க… ரெண்டு பேரு. சின்னப் பசங்க, ஆனா விறுவிறுன்னு வேலை செய்யுறாங்க. கண்ணுல லைட் அடிச்சுப் பாக்குறாங்க… கையப் புடிச்சு அமுக்கச் சொல்றாங்க… சிரிக்கச் சொல்றாங்க. ஒரு பக்கம்தான் வருது.

என்னக் கேக்குறாங்க. எத்தன மணிக்கு ஆச்சுன்னு… நேரம் ரொம்ப முக்கியமாம். கடைசியா எப்ப நல்லா இருந்தாருன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் ரத்தக் கட்டி கரையற ஊசி போடுறதப் பத்தி டாக்டர் யோசிப்பாராம். தெரியலன்னா தெரியலன்னுதான் எழுதுவாங்களாம்… ஆமா சுபா, கேட்டேன், புரிஞ்சுது.

செப்புலோ லிமா புலோ டுவா, அபாங். பத்து அம்பத்திரண்டு… சொல்லிட்டேன் சுபா… சுவர் வழியாச் சத்தம் கேட்டேன்னு சொன்னேன்… பத்தாதாம். கேம் சத்தம் தானாக்கூட ஓடலாமே, அவரு நல்லா இருந்தாருன்னு எப்படிச் சொல்றீங்கங்கிறான். பேனாவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான் எமகாதகன்.

அங்கிள் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு… காது நல்லாக் கேக்குது அவருக்கு. நான் சொல்றது பூராவும் கேக்குது.

நீ சொல்றியா… நீ போன்ல சொன்னா எப்படிமா, பாத்தது நான்ல. கூட ஆடுனது நான்ல.  கிரில்ல ரெண்டு தடவை வெட்டுனவளுக்கு இதச் சொல்ல வாய் வர மாட்டேங்குது பாரு… எழுதப் போறான், தெரியலன்னு எழுதப் போறான்…

அபாங், துங்கு. கொஞ்சம் இருங்க. நான் அவரோட ஆடிக்கிட்டு இருந்தேன். அந்தக் கேம்ல. அதோ, அந்தத் திரையில ரெண்டாவது பேரு இருக்குல்ல. வேல். அது நான். அவரு பத்து அம்பத்திரண்டுக்கு அடிச்சாரு, நல்லா நேரா அடிச்சாரு, அதுக்கப்புறம் எனக்குத் தேங்க் யூ போட்டாரு. அதுவும் அவரு கையாலதான் அமுக்குனாரு.

…எழுதிட்டான். எழுதிட்டான் சுபா.

அங்கிள்… ஈப்போ இல்ல அங்கிள். தலைமை ஆசிரியர்னு யாரும் இல்ல. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். நான்தான்.

…கேட்டுருச்சு. கேட்டுருச்சு அவருக்கு… கோவமா சிரிப்பான்னு நான் எப்படிமா சொல்வேன், பாதி மொகந்தான அசையுது. அந்தப் பாதியும் உங்கப்பா மொகம். நல்ல நாள்லயே கண்டுபிடிக்க முடியாது.

ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்க. வெளிய வந்துட்டோம். மொத்த வரிசையும் வாசல்ல நிக்குது… இல்ல, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல நான்.

வண்டியில கூட யாரு வரான்னு கேக்குறாங்க. நான் பக்கத்து வீடு மட்டுந்தான், பொண்ணு நேரா ஆஸ்பத்திரிக்கே வருதுன்னு சொல்லிட்டு நகந்தேன்… சுபா, இரு…

என் சட்டைக் கையப் புடிச்சிக்கிட்டாரு. இடது கையால… தெரியலமா. போகாதேங்கிறாரா, கிட்ட வராதேங்கிறாரா, எனக்குத் தெரியல… விட மாட்டேங்குறாரு. ஆம்புலன்ஸ் பையன் பிரிச்சு விடப் பாக்குறான், விட மாட்டேங்குறாரு…

இழுக்குறாரு சுபா.

சரி அங்கிள். சரி. ஏறிட்டேன்… ஏறிட்டேன், ஏறிட்டேன். கதவ அடைக்கிறாங்கமா, நீ மெதுவா வா, நான் இவரு கூடத்தான்… ஹலோ… சுபா… ஹலோ…